டிராஃப்ட் இரவின் பேரங்கள்: என்.எஃப்.எல். அணிகள் ஒரு ‘பிக்’குக்கு எப்படி விலை வைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. காலால் உதைப்பது குறைவு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது அதிகம். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் டிராஃப்ட் நடத்தும். அந்த மூன்று நாளும் நான் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்பது தெரிந்த நண்பர்களும் உறவுக்காரர்களும் பல வருடமாகக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆட்டத்தின் விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வட்டிக்கணக்கு தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பையில் பணம் உள்ளவர் கையைத் தூக்கலாம். டிராஃப்டில் விலை கேட்கும் பேச்சே கிடையாது, வரிசை மட்டும்தான். 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் ஆக மோசமாக ஆடிய அணி முதலில் ஆளை எடுக்கும். சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்த அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி முறை. கல்லூரியிலிருந்து வரும் பையன் தன்னை எடுத்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச முடியும்.

பணக்கார அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இந்த யோசனையைச் சொன்னார். 1936இல் முதல் டிராஃப்ட். முதல் ஆளை எடுத்ததும் அவருடைய ஈகிள்ஸ்தான்: ஜே பெர்வாங்கர். சம்பளம் ஒத்துவராமல் அவர் மீதான உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களோடும் ஒத்துவரவில்லை, பெர்வாங்கர் கடைசிவரை என்.எஃப்.எல்.லில் ஆடவே இல்லை. ஆக, டிராஃப்ட் வரலாற்றின் முதல் பிக்கே கைமாறி, அதுவும் வீணாய்ப் போயிற்று.

‘பிக்’ என்றால் என்ன? வீரரா?

வரிசையில் உங்கள் முறை. “எங்களுக்கு 12ஆவது பிக் இருக்கிறது” என்றால் பதினொரு பேர் எடுத்தபின் நாங்கள் எடுக்கலாம் என்று பொருள். இந்த முறையை வேறு பிக்குகளோடு மாற்றிக்கொள்ளலாம், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வீரருக்கு ஈடாகக் கொடுக்கலாம். வரப்போகும் ஆண்டுகளின் பிக்குகளையும் இப்போதே கொடுக்கலாம். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ‘ட்ரேட்’. முன்னே போவதற்குக் கொடுப்பது ‘ட்ரேட் அப்’, பின்னே வந்து அதற்குக் கூலி வாங்குவது ‘ட்ரேட் டவுன்’.

ஒரு முறைக்கு யார் விலை வைத்தது?

இதற்கு டாலஸ் கவ்பாய்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். 1989 அக்டோபரில் அந்த அணியின் புதுப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன், தன்னிடமிருந்த ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து வீரர்களும் ஒரு மூட்டை பிக்குகளும் வந்தன. அந்த ஐந்து பேரில் யாரையாவது டாலஸ் கழற்றிவிட்டால் அவருக்கு ஈடாக ஒரு பிக் என்று ஒரு பிரிவு இருந்தது. வைக்கிங்ஸ் வீரர்களைக் கொடுத்ததாக நினைத்தது. ஜான்சனின் கண் முழுக்க பிக்குகள் மேல். அந்த வருடம் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த டாலஸ், 1992, 1993, 1995 சீசன்களில் சூப்பர் பௌல் வாங்கியது.

கையில் இத்தனை பிக் சேர்ந்ததும் ஒரு சிக்கல். டிராஃப்ட் நாளில் யாராவது போன் செய்து “உங்கள் 17ஐக் கொடுங்கள், எங்கள் 21ஐயும் கூட ஒன்றையும் தருகிறோம்” என்றால், அது லாபமா நஷ்டமா என்று உடனே சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே? அணியில் சிறு பங்கு வைத்திருந்த மைக் மெக்காய், எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்த பொறியாளர், அதற்கு முந்தைய சில வருட ட்ரேட்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி கணக்கிட்டார். முதல் பிக் 3000. இரண்டாவது 2600. பத்தாவது 1300. பதினாறாவது 1000. முதல் சுற்றின் கடைசியான 32ஆவது 590. இரண்டாம் சுற்று முடியும் 64ஆவது 270. நூறாவது சரியாக 100.

இதைத்தான் இன்றும் ‘ஜிம்மி ஜான்சன் அட்டவணை’ என்கிறார்கள். மெக்காய்க்குப் பெயர் கிடைக்கவில்லை, பாவம். ஜான்சனிடம் வேலை பார்த்தவர்கள் வேறு அணிகளுக்குப் போனபோது அட்டவணையும் கூடவே போனது. கொஞ்ச காலத்தில் லீக் முழுக்க அதே தராசு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெக்காய் அளந்தது அணிகள் அதுவரை என்ன விலை கொடுத்துவந்தன என்பதை மட்டும். அந்த விலை சரியா என்று அவர் பார்க்கவில்லை, அது அவர் வேலையும் இல்லை. கோயம்பேட்டில் நேற்று தக்காளி என்ன விலை என்று எழுதிவைப்பது மாதிரி. ஆனால் எல்லோர் கையிலும் அதே தாள் வந்துவிட்டபின், எழுதிவைத்த விலையே உண்மை விலையாகிவிட்டது.

ஒரு ட்ரேடை இந்தக் கணக்கில் போட்டுக் காட்ட முடியுமா?

2017ஐ எடுத்துக்கொள்வோம். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 27ஆவது பிக். பஃபலோ பில்ஸிடம் 10ஆவது. சீஃப்ஸுக்குப் பத்தாவது இடத்துக்கு வர வேண்டும்.

பத்தாவது பிக் 1300 புள்ளி. சீஃப்ஸ் கொடுத்த 27ஆவது பிக் 680. கூடவே மூன்றாம் சுற்றில் 91ஆவது பிக், அது 136. மொத்தம் 816. இன்னும் 484 குறைகிறது. அந்தப் பள்ளத்தை அடுத்த ஆண்டு, அதாவது 2018இன், தங்கள் முதல் சுற்று பிக்கைக் கொடுத்து நிரப்பினார்கள். அட்டவணையில் 484க்குப் பக்கத்தில் இருப்பது 41ஆவது பிக், 490 புள்ளி. அது இரண்டாம் சுற்றுக்காரர். ஆக, அடுத்த வருடத்து முதல் சுற்று என்பது இந்த வருடத்து இரண்டாம் சுற்றுக்குச் சமம் என்ற சந்தை வழக்கம் அப்படியே இங்கே உட்கார்ந்திருக்கிறது.

வந்த பத்தாவது பிக்கில் சீஃப்ஸ் எடுத்தது பாட்ரிக் மஹோம்ஸை, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக். 2019, 2022, 2023 சீசன்களில் மூன்று சூப்பர் பௌல். பில்ஸும் அந்த 27ஆவது பிக்கில் ட்ரெடேவியஸ் வைட் என்ற நல்ல கார்னர்பேக்கை (எதிரணியில் பந்து பிடிப்பவரை மறிப்பவர்) எடுத்தார்கள், அடுத்த ஆண்டு ஜாஷ் ஆலன் என்ற குவாட்டர்பேக்கையும் பிடித்தார்கள். தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2021, 2022, 2024, 2025 என்று நான்கு ஜனவரிகளில் ப்ளேஆஃபில் அதே மஹோம்ஸிடம் தோற்று வீடு திரும்பினார்கள். அட்டவணைப்படி நியாயமான வியாபாரம்தான். பஃபலோக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வருடப் பிக் ஏன் அவ்வளவு மலிவு?

நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல். அவ்வளவுதான் காரணம்.

பொருளாதாரத்தில் பின்னாளில் (2017) நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் இதை முறையாகக் கணக்கிட்டார்கள். இன்று ஒரு பிக் வாங்கி அடுத்த வருடம் திருப்பிக் கொடுக்கும் ட்ரேட்களில் ஒளிந்திருக்கும் வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு 136 சதவீதம். நம்மூரில் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வாங்கும் பத்து வட்டிக்காரர்கூட வருடத்துக்கு 120தான் கேட்பார்.

கோடிகளில் புரளும் அணிகள் ஏன் இப்படிக் கடன் வாங்குகின்றன? ட்ரேட் செய்யும் ஜெனரல் மேனேஜருக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே நிச்சயம் இல்லை. 2019இல் வரும் பையனால் 2018இல் வேலை போகப்போகிறவருக்கு என்ன லாபம்? கடன் அணியின் பெயரில், அனுபவிப்பது இவர். பொறுமையுள்ள உரிமையாளர் இருக்கும் அணிகள்தான் இந்த வட்டிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த வருடப் பிக் எத்தனையாவது என்றே தெரியாதே, பிறகு எப்படி விலை?

நல்ல கேள்வி. தெரியாதுதான். கடன் வாங்கிய அணி அடுத்த சீசனில் நன்றாக ஆடினால் அந்தப் பிக் 30க்குப் பக்கத்தில் போய்விடும். சொதப்பினால் 2, 3 என்று முன்னால் வந்து நிற்கும். கடன்காரர் நொடித்துப்போனால் கொடுக்க வேண்டிய தொகை கூடும் ஒரே கடன் இதுவாகத்தான் இருக்கும்.

2012இல் வாஷிங்டன் அணி, அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸிடமிருந்து 2ஆவது பிக்கை வாங்கியது. கொடுத்தது: அந்த ஆண்டின் 6ஆவது, 39ஆவது பிக்குகள், 2013இன் முதல் சுற்று, 2014இன் முதல் சுற்று. கணக்கைப் பாருங்கள். 2ஆவது பிக் 2600. 6ஆவது 1600, 39ஆவது 510, சேர்த்து 2110. மீதி 490. மேலே சொன்ன வழக்கப்படி ஒரு எதிர்கால முதல் சுற்றிலேயே சரிக்கட்டியிருக்கலாம். இரண்டு கொடுத்தார்கள், ஏனென்றால் கிளீவ்லாண்டும் அதே பிக்குக்குப் போட்டியில் இருந்தது.

அந்தப் பிக்கில் வாஷிங்டன் எடுத்த குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் முதல் வருடம் பிரமாதமாக ஆடினார். அந்த சீசனின் ப்ளேஆஃபில் முழங்கால் போயிற்று. அடுத்த சீசனில் வாஷிங்டன் 3 வெற்றி, 13 தோல்வி. விளைவு, ராம்ஸுக்குப் போக வேண்டிய 2014 பிக் மறுபடி அதே 2ஆவது இடம்.

2014 டிசம்பர் 7. ராம்ஸ் வாஷிங்டனுக்கு ஆட வந்தது. டாஸ் போட நடுவில் ஆறு ‘கேப்டன்கள்’ நடந்து வருகிறார்கள். பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஆறு பேர்: அத்தனை பேரும் அந்த ட்ரேடில் வந்த பிக்குகளால் ராம்ஸ் எடுத்த வீரர்கள். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆட்டம் 24–0. குத்திக்காட்டுவதில் இதைவிட நாகரிகமான ஒன்றை நான் விளையாட்டில் பார்த்ததில்லை.

ஒரு கொசுறு: அதே 2012 டிராஃப்டில் வாஷிங்டன் நான்காம் சுற்றில், 102ஆவது பிக்கில், இன்னொரு குவாட்டர்பேக்கையும் எடுத்தது. கர்க் கசின்ஸ். கடைசியில் அணியை ஓட்டியவர் அவர்தான்.

அப்படியானால் அட்டவணை தப்பா?

தப்பு என்றுதான் மாசியும் தேலரும் சொன்னார்கள். 2005இல் சுற்றுக்கு வந்து 2013இல் ஆய்விதழில் அச்சான அவர்கள் கட்டுரையின் சாரம் இரண்டு விஷயம்.

முதலாவது, நம் கணிப்பு நாம் நினைக்கும் அளவுக்குக் கூர்மை இல்லை. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம். காசு சுண்டுவதைவிட ஒரு நூல் மேல். அந்த ஒரு நூலுக்காகத்தான் அணிகள் இரண்டு பிக், மூன்று பிக் என்று தூக்கிக் கொடுக்கின்றன.

இரண்டாவது, சம்பளம். என்.எஃப்.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; 2025இல் அது 27.92 கோடி டாலர். ஆகவே வீரர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதோடு கேள்வி முடியவில்லை. அவர் ஆட்டத்தின் சந்தை மதிப்பிலிருந்து அவர் வாங்கும் சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? அந்த மிச்சம்தான் பிக்கின் அசல் மதிப்பு. அப்படிக் கழித்துப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் முதல் பிக்கைவிட இரண்டாம் சுற்றுப் பிக்குகளில் மிச்சம் கூடுதலாக இருந்தது. மோசமான அணிக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு யானை. அது தின்கிற தீனியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இதை வாஷிங்டன் அணியிடம் முன்பே விளக்கியிருந்ததாகத் தேலர் பிற்பாடு எழுதியிருக்கிறார். கேட்டுக்கொண்டார்கள். பிறகு 2012இல் மேலே சொன்னதைச் செய்தார்கள்.

இன்றைக்கும் அதே நிலைதானா?

யானையின் தீனியை 2011இல் குறைத்துவிட்டார்கள். 2010இன் முதல் பிக் சாம் பிராட்ஃபர்டின் ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை மட்டும் 5 கோடி டாலர், ஒரு என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே. 2011இல் அணிகளும் வீரர் சங்கமும் போட்ட புது உடன்பாட்டில் புதுமுகங்களின் சம்பளத்துக்கு நிலையான அளவு வந்தது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குமாக ஏறக்குறைய 2.2 கோடி. ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே.

இதனால் முதல் சில பிக்குகளின் அசல் மதிப்பு ஏறியது. ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்டும் பிராட் ஸ்பீல்பெர்கரும் சம்பளத்தை வைத்துப் போட்ட அட்டவணை மாதிரிப் புதிய கணக்குகள் வந்தன. அவற்றிலும் பிக்கின் மதிப்பு கீழே போகப்போகக் குறையும். ஆனால் ஜான்சன் அட்டவணை அளவுக்குச் செங்குத்தாக விழாது. அதாவது நடுச் சுற்றுப் பிக்குகளை அணிகள் இன்னமும் மலிவாகத்தான் விற்கின்றன என்று அவை சொல்கின்றன.

எல்லாம் தெரிந்தும் குவாட்டர்பேக்குக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறார்கள்?

இங்கே நான் அணிகளின் பக்கம். குவாட்டர்பேக் கையில்தான் ஒவ்வொரு தாக்குதலும் தொடங்குகிறது. 2024இல் டாக் பிரெஸ்காட் டாலஸோடு போட்ட ஒப்பந்தத்தின் சராசரி, வருடத்துக்கு 6 கோடி டாலர். அதே வருடம் முதல் பிக்காக வந்த கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே 4 கோடிக்குக் கொஞ்சம் கீழே. புதுமுகம் சுமாராக ஆடினாலே வருடத்துக்கு ஐந்து கோடி அளவுக்கு மிச்சம். அந்தப் பணத்தில் மற்ற இடங்களுக்கு மூன்று நல்ல ஆட்களைப் பிடிக்கலாம். (பிரெஸ்காட் எத்தனையாவது பிக் என்று கேட்கிறீர்களா? 135. நான்காம் சுற்று.)

முதல் சுற்றில் எடுத்தவருக்கு மட்டும் ஐந்தாம் வருடத்தையும் அணியே நீட்டிக்கொள்ளும் உரிமை உண்டு. 2018இல் முதல் சுற்றின் கடைசிப் பிக்கான 32ஐ பால்டிமோர் ரேவன்ஸ் ஈகிள்ஸிடமிருந்து வாங்கி லமார் ஜாக்சனை எடுத்ததில் அந்த ஒரு வருடத்துக்கும் பங்குண்டு. 33ஆவதாக எடுத்திருந்தால் அது கிடைக்காது.

ஆனால் எந்தக் குவாட்டர்பேக் என்பதை அட்டவணை சொல்லாது. மஹோம்ஸ் வந்த அதே 2017இல் சிகாகோ பேர்ஸ் 3ஆவது இடத்திலிருந்து ஒரே ஒரு படி ஏற மூன்று பிக்குகளைக் கூடுதலாகக் கொடுத்தது. புள்ளிக் கணக்கில் பெரிய பிசகில்லை. எடுத்தது மஹோம்ஸை அல்ல, மிட்ச்சல் ட்ரூபிஸ்கி என்ற குவாட்டர்பேக்கை.

மற்ற இடங்களுக்கு?

எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர், அந்தத் துரத்தலைத் தடுக்கும் லெஃப்ட் டாக்கிள், பந்து பிடிக்கும் ரிசீவர், அவரை மறிக்கும் கார்னர்பேக். இவர்களுக்குச் சந்தையில் சம்பளம் அதிகம், ஆகவே மலிவான புதுமுகம் கிடைத்தால் மிச்சமும் அதிகம். ஓடும் ரன்னிங் பேக், சேஃப்டி, சென்டர் எல்லாம் அடுத்த படி. 2018இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் 2ஆவது பிக்கில் சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தபோது கணக்குப் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அபாரமான வீரர். ஜயண்ட்ஸ் மட்டும் தேறவில்லை. 2024இல் ஈகிள்ஸுக்குப் போனார், ஒரே சீசனில் 2005 கெஜம் ஓடி சூப்பர் பௌலும் வாங்கினார். ஈகிள்ஸ் அவருக்காக ஒரு பிக்கையும் செலவழிக்கவில்லை.

வரிசையின் அடியில் இருப்பவர் கிக்கர். 2016இல் டாம்பா பே ஒரு கிக்கருக்காக 74, 106 ஆகிய இரண்டையும் கொடுத்து இரண்டாம் சுற்றின் 59ஆவது பிக்குக்கு ஏறியது. அட்டவணையில் 59ஆவது பிக் 310. கொடுத்தது 220ம் 82ம் சேர்த்து 302. எட்டுப் புள்ளி லாபம்! எடுத்த ராபர்ட்டோ அகுவாயோவை அடுத்த வருடம் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீரரை எப்படி எடை போடுகிறார்கள்?

ஸ்கவுட்கள் வருடம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாக அலைகிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆள். ஆட்டக் காட்சிகள், பயிற்சியாளர்களிடம் விசாரணை, பிறகு இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன்: 40 கெஜ ஓட்டம், குதிப்பு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பது போலத்தான்; அக்கம்பக்கத்தில் கேட்பதுவரை எல்லாம் உண்டு. முடிவில் ஒவ்வோர் அணியும் தன் ‘போர்டில்’ எல்லாரையும் வரிசைப்படுத்தும். பக்கத்து அணியின் போர்டில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் டிராஃப்டில் சுவாரசியமே.

40 கெஜ ஓட்டத்தில் மயங்காதவர் குறைவு. 2017 காம்பைனில் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடி அப்போதைய சாதனை படைத்தார். சின்சினாட்டி அவரை 9ஆவது பிக்கில் எடுத்தது. அதற்கு அடுத்த பிக் மஹோம்ஸ்.

மீதி இருப்பதில் சிறந்த ஆளா, நமக்குத் தேவையான ஆளா?

எல்லா அணியும் “சிறந்த ஆளைத்தான் எடுப்போம்” என்று பேட்டி கொடுக்கும். பாதிப் பேர் தேவையைத்தான் எடுப்பார்கள். சொன்னபடி செய்ததற்கு உதாரணம் 2005இன் கிரீன் பே பேக்கர்ஸ். பிரெட் ஃபார்வ் என்ற குவாட்டர்பேக் இருக்கும்போதே 24ஆவது பிக்கில் இன்னொரு குவாட்டர்பேக், ஆரன் ராட்ஜர்ஸ். மூன்று வருடம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

டிராஃப்ட் இரவில் ட்ரேட் உண்மையில் எப்படி முடிகிறது?

போனில். ஒவ்வோர் அணியின் அறையிலும் நாலைந்து பேர் போனோடு இருப்பார்கள். தங்கள் முறை வருவதற்கு நாலைந்து இடம் முன்பிருந்தே அக்கம்பக்கத்து அணிகளிடம் “இறங்கத் தயாரா, ஏறத் தயாரா” என்று கேட்டுவைப்பார்கள். முன்பேசிய பேரம் பெரும்பாலும் ஒரு நிபந்தனையோடுதான்: “எங்கள் ஆள் இன்னும் மிச்சமிருந்தால்.” ஒத்துக்கொண்டபின் இரண்டு அணிகளும் தனித்தனியாக லீக்குக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் செல்லாது.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2003இல் வைக்கிங்ஸ் காட்டியது. 7ஆவது பிக். பால்டிமோருக்கு அதை விற்க வைக்கிங்ஸ் பேசிக்கொண்டே இருந்தது. அப்போது முதல் சுற்றில் ஒரு முறைக்கு 15 நிமிடம் (2008இல்தான் 10 ஆக்கினார்கள்). வைக்கிங்ஸ் லீக்குக்குச் சொல்லிவிட்டது. பால்டிமோரின் ஒப்புதல் நேரத்துக்குள் வந்து சேரவில்லை. மணி முடிந்தது. முறை தவறினால் அடுத்தவர் முந்தலாம் என்பது விதி. ஜாக்சன்வில் ஓடிப்போய் சீட்டைக் கொடுத்து பைரன் லெஃப்ட்விச்சை எடுத்தது, பால்டிமோர் எந்த ஆளுக்காக ஏறப் பார்த்ததோ அதே ஆளை. பின்னாலேயே கரோலைனா ஜோர்டன் கிராஸை எடுத்தது. வைக்கிங்ஸ் 9ஆவதாகத்தான் வந்து கெவின் வில்லியம்ஸை எடுத்தது.

உலகமே சிரித்தது. கெவின் வில்லியம்ஸ் பிற்பாடு ஐந்து முறை லீக்கின் ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலின் (ஆல்-ப்ரோ) முதல் அணியில் இடம் பிடித்தார். ட்ரேட் கைநழுவிய பால்டிமோருக்கு 10ஆவதில் கிடைத்தவர் டெரல் சக்ஸ். எட்டு வருடம் கழித்து அவர் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். நழுவிய பேரத்தில் இரண்டு பேருக்கும் லாபம்.

பிக் கொடுத்து வீரர் வாங்குவது எப்போது நல்லது?

அந்த வீரர் யார், எப்படி ஆடுவார் என்று தெரியும். அது பெரிய வசதி. ஆனால் அவருக்குச் சந்தைச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2022 டிராஃப்ட் இரவில் டென்னசி டைட்டன்ஸ், ரிசீவர் ஏ.ஜே. பிரவுனின் சம்பளக் கோரிக்கைக்கு ஈடுகொடுக்க முடியாமல், 18, 101 ஆகிய பிக்குகளுக்கு அவரை ஈகிள்ஸிடம் கொடுத்தது. கையோடு 18ஆவதில் வேறொரு ரிசீவரை எடுத்தது. ‘அதே சாமான், மலிவு விலை’ என்ற கணக்கு. டிசம்பரில் பிரவுன் டைட்டன்ஸுக்கு எதிராகவே இரண்டு டச்டவுன் போட்டார். இரண்டு நாளில் டைட்டன்ஸ் தன் ஜெனரல் மேனேஜரை நீக்கியது.

வீரர் ‘மாட்டேன்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், கெத்து இருந்தால். 1983இல் ஜான் எல்வே பால்டிமோருக்கு மறுத்து டென்வருக்குப் போனார். 2004இல் ஈலை மேனிங் சான் டியாகோவுக்கு மறுக்க, அவரை எடுத்து ஜயண்ட்ஸுக்கு மாற்றினார்கள். போ ஜாக்சன் 1986இல் டாம்பா பேயை உதறிவிட்டு பேஸ்பால் ஆடப் போய்விட்டார்.

அப்போது எப்போதும் பின்னே இறங்கி பிக் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனமா?

சீட்டு எண்ணிக்கை கூடினால் குலுக்கலில் விழும் வாய்ப்பு கூடும் என்ற அளவில் ஆமாம். சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் 2021இல் 12ஆவதோடு இன்னும் இரண்டு முதல் சுற்றுகளும் ஒரு மூன்றாம் சுற்றும் கொடுத்து 3ஆவதுக்கு ஏறி ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. இரண்டு வருடத்தில் அவரை நான்காம் சுற்று ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. அதற்குள் அணியை ஓட்டிக்கொண்டிருந்தவர் பிராக் பர்டி: 2022இன் 262ஆவது, ஆகக் கடைசிப் பிக். 2024 பிப்ரவரியில் அந்த அணியைச் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

ஆனால் எதிர் உதாரணமும் உண்டு. ராம்ஸ் 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ஒருவரையும் எடுக்கவில்லை. பிக்குகளை எல்லாம் வீரர்களாக மாற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு முதல் சுற்றுகள் உட்படக் கொடுத்து குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்டை வாங்கிய முதல் சீசனிலேயே சூப்பர் பௌல்.

மறுநாள் காலையில் ‘யாருக்கு லாபம்’ என்று மதிப்பெண் போடுகிறார்களே, நம்பலாமா?

படிக்கச் சுவையாக இருக்கும், நானும் படிப்பேன். ஆனால் ஒரு ட்ரேட் முடிய எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள். 2023 மார்ச்சில் சிகாகோ பேர்ஸ் தன் முதல் பிக்கைக் கரோலைனா பாந்தர்ஸுக்கு விற்றது. கரோலைனா பிரைஸ் யங் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. பேர்ஸுக்கு வந்தது: ரிசீவர் டி.ஜே. மோர், 9ஆவது, 61ஆவது பிக்குகள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று.

அந்த சீசனில் கரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி. ஆகவே 2024இன் முதல் பிக்கும் பேர்ஸுக்கே வந்தது, அதுதான் கேலப் வில்லியம்ஸ். 9ஆவதிலிருந்து ஒரு படி இறங்கி ஈகிள்ஸிடம் ஒரு நான்காம் சுற்று வாங்கிக்கொண்டு 10ஆவதில் டார்னல் ரைட். 61ஐ வைத்து ஏறிப் பிடித்தது டைரீக் ஸ்டீவன்சன். 2025இல் 39ஆவதாக லூதர் பர்டன். ஈகிள்ஸ் கொடுத்த அந்த நான்காம் சுற்றில் வந்தவர் டோரி டெய்லர், மெல்போர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். அணியின் பண்ட்டர் அவர். இந்த ஆட்டத்திலும் காலால் உதைக்க ஓர் ஆள் வேண்டுமே.